கராஜில் நிற்கும் ஆர்கேட் பெட்டி: ஈரத்திலிருந்து காக்கும் வழிகள்

1978-இல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் நாம்கோவின் பேக்-மேன், 1981-இல் நின்டெண்டோவின் டாங்கி காங் என்று வரிசையாக வந்த ஆர்கேட் இயந்திரங்கள் எல்லாம் கடைகளுக்காகச் செய்யப்பட்டவை. பீட்சா கடையிலும் ஷாப்பிங் மாலிலும் சில ஆண்டுகள் நின்று காசு ஈட்டித் தந்தால் போதும், அதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும் என்பதே அன்றைய வணிகக் கணக்கு. அதனால் பெட்டிக்கு உயர்ந்த மரம் யாரும் போடவில்லை. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றில் ஒன்றை வெட்டிச் செய்தார்கள். முன்புற விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை பொருத்தினார்கள். தரையைத் தொடும் அடி விளிம்பைப் பெரும்பாலும் வெறுமனே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெட்டிகளில் எஞ்சியவை இன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன. வரவேற்பறையில் இடமில்லை, அடித்தளத்துக்கு இறக்கப் படிக்கட்டு குறுகலாக இருக்கிறது என்று பலரும் அவற்றைக் கராஜில் நிறுத்துகிறார்கள். ஒரு வீட்டில் ஈரம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடமும் கராஜ்தான். அங்கே ஏசியும் ஹீட்டரும் கிடையாது. பெரிய கதவின் அடியில் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும். கான்கிரீட் தரைக்கு நேர் கீழே மண். நடுவில், மழையிலும் பனியிலும் நனைந்து வரும் கார்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: பெட்டியை இறுக மூடுவதால் ஈரம் போகாது. தரையிலிருந்து உயர்த்துவது, காற்றின் ஈரத்தை அளப்பது, அந்த ஈரத்தைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய மூன்றும்தான் பெட்டியைக் காக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம்தான். ஹைக்ரோமீட்டர் காட்டும் ஈரப்பதம், அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே காற்றில் ஒரு துளி நீர்கூடச் சேராமலே, இரவில் கராஜ் குளிர்ந்தால் ஈரப்பதம் ஏறிவிடும்.

நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. அந்தக் காற்று 22 டிகிரியில் கிடக்கும் கான்கிரீட் தரையைத் தொட்டால், குளிர்ந்த தண்ணீர் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத் தரை வியர்க்கும். பெட்டியின் கண்ணாடி, காசு போடும் இரும்புக் கதவு, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஊருக்கு ஊர் ஆபத்தான காலம் மாறும். ஹூஸ்டன் போன்ற வளைகுடாக் கரை நகரங்களில் கோடை முழுவதும் பனிநிலை உயர்ந்தே இருக்கும். அங்கே இரவில் கதவைத் திறந்து வைப்பது ஈரத்தை வரவேற்பதாகும். நியூ ஜெர்சி, சிகாகோ பக்கம் கவனிக்க வேண்டியது வசந்த காலத்தை. குளிர்காலம் முழுதும் சில்லிட்டுப் போன தரையும் பெட்டியும் இன்னும் சூடேறியிருக்காது; அதற்குள் ஒரு நாள் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்துவிடும். அன்று கதவைத் திறந்தால் சில மணி நேரத்தில் எல்லாப் பரப்பிலும் நீர் பூத்துவிடும்.

காற்றைத் தவிர ஈரம் வரும் இன்னொரு வழி மண். கான்கிரீட் நுண்துளைகள் உள்ள பொருள். அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல் போட்ட பழைய தரைகளில் மண்ணின் ஈரம் நுண்துளை வழியாக மேலேறிக்கொண்டே இருக்கும். தரையில் வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால் அதுவே சாட்சி.

முதலில் அளவு, பிறகு செலவு

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்குங்கள். அதிக அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் வகையாக இருக்கட்டும். ஒன்றைப் பெட்டிக்குப் பின்னால் தரையோரம் வையுங்கள், மற்றொன்றைப் பெட்டிக்குள். இரண்டு வாரம் குறித்து வந்தால் உங்கள் கராஜின் இயல்பு தெரிந்துவிடும்.

விலை குறைந்த மீட்டர்கள் சற்றுப் பிழையாகக் காட்டலாம். அதைச் சமையல் உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டு, ஈர மணலைப் போலக் குழைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடுங்கள். உப்புக் குழைவு மீட்டரில் படக் கூடாது. அறை வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி மீட்டரின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

தரையைச் சோதிக்க, 45 செ.மீ. சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேற்புறத்தில் நீர் பூத்திருந்தால் அது காற்றிலிருந்து வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

இலக்கு இதுதான்: ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நன்று. 60-ஐத் தாண்ட விடக் கூடாது. அதற்கு மேல் இரும்பில் துரு வேகமெடுக்கும்; 70-ஐ நெருங்கி நாள்கணக்கில் நின்றால் மரத்திலும் காகிதத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். மறுபுறம் 30-க்குக் கீழே போவதும் நல்லதல்ல. உலர்ந்த காற்றில் நிலைமின்சாரம் கூடும். போர்டைத் தொடும் கையே சிப்பைக் கொன்றுவிடும்.

நீரை வெளியிலேயே நிறுத்துங்கள்

கூரை நீரை இறக்கும் குழாயின் வாய் சுவரோரம் முடிந்தால், அந்த நீர் முழுவதும் கராஜின் அடி மண்ணுக்கே போகிறது. குழாயை நீட்டி இரண்டு மீட்டராவது தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றிய மண் வெளிப்பக்கம் சரிய வேண்டும்; அமெரிக்கக் கட்டட விதி, முதல் பத்தடித் தூரத்தில் ஆறு அங்குலச் சரிவு கேட்கிறது. கராஜ் கதவின் அடி ரப்பர் பட்டை வெடித்திருந்தால் மாற்றுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவது மின்கட்டணத்தைத்தான் ஏற்றும்.

தரை வழியாக ஈரம் வருவது உறுதியானால், தரைக்கு ஈரத்தடுப்பு எப்பாக்ஸி பூசுவது நிரந்தரத் தீர்வு. ஈரம் அதிகமாக ஏறும் தரையில் சாதாரண எப்பாக்ஸி கொப்பளித்து உரிந்துவிடும். ஈரத் தரைக்கென்றே விற்கும் அடிப்பூச்சை முதலில் இட வேண்டும்.

பெட்டியைத் தரையிலிருந்து பிரியுங்கள்

பழைய பெட்டிகளில் அழிவு தொடங்கும் இடம் அடி விளிம்பு. பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்தவை. வெட்டிய விளிம்பு நீரைக் குடித்தால் அந்த அழுத்தம் விட்டுப்போகும். பலகை தடிக்கும், பிறகு உதிரும். காய்ந்த பின்னும் பழைய தடிமனுக்கு அது திரும்பாது. பிளைவுட் இதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், நாளடைவில் அடுக்கடுக்காகப் பிரியும்.

பெரும்பாலான பெட்டிகளின் அடியில் நான்கு மூலையிலும் உயரம் சரிசெய்யும் திருகுக் கால்கள் இருந்திருக்கும். பல பெட்டிகளில் அவை எப்போதோ உடைந்து போயிருக்கும். முதல் வேலையாக அவற்றைப் போடுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் வழக்கமான அளவு எட்டில் மூன்று அங்குலம். காலோடு பெட்டியை இழுக்காதீர்கள். ஈரத்தில் மென்மையான பலகையிலிருந்து திருகு மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தள்ளுவண்டியில் ஏற்றித்தான் நகர்த்த வேண்டும். நிற்கும் பெட்டி ஒன்று 100 கிலோவைத் தாண்டும் என்பதால் எப்போதும் இருவர் வேண்டும்.

கால்களைப் போடுவதற்கு முன் பெட்டியைச் சாய்த்து அடி விளிம்பைப் பாருங்கள். மர ஈர மீட்டர் 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பூச்சுக்கு அது தயார். ஷெல்லாக், எண்ணெய் பிரைமர், பாலியூரித்தேன் ஆகியவற்றில் ஒன்றை இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின், விளிம்பு இனி உறிஞ்சாது என்னும் வரை தடவுங்கள். ஈரமாக இருக்கும் பலகைக்கு ஒருபோதும் பூச்சு அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, பலகை உள்ளிருந்து அழுகும்.

பெட்டியின் அடியில் காற்று ஓட வேண்டும். அட்டைப்பெட்டி, கம்பளம், கனமான ரப்பர் விரிப்பு எதையும் அங்கே போடாதீர்கள். அட்டையும் கம்பளமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விரிப்பு, தரையிலிருந்து வரும் ஈரத்தை அடியிலேயே தேக்கும். சுவரிலிருந்து 15 செ.மீ. இடைவெளி விடுங்கள், வெளிச்சுவராக இருந்தால் இன்னும் கூடுதலாக.

வெள்ள அபாயம் உள்ள இடமானால் திருகுக் கால் போதாது. அகலமான மேடை அமைத்து அதன்மேல் நிறுத்தி, மேற்பகுதியைச் சுவர்ச் சட்டத்தோடு பட்டியால் கட்டுங்கள். உயரம் கூடினால் சாயும் ஆபத்தும் கூடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தில் மேடையும் காக்காது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

காற்றை உலர்த்துவது

கராஜின் காற்றை உலர்த்த நம்பகமான ஒரே கருவி டிஹியூமிடிஃபையர். இதில் இரு வகை உண்டு. கம்ப்ரசர் வகை, குளிர்ந்த சுருளில் நீரைப் படியவைத்து எடுக்கும். வெப்பமான ஊர்களுக்கு இதுவே சிறந்தது. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால் இதன் திறன் குறையும், சுருளில் பனி உறையும். குளிர் மிகுந்த கராஜுக்கு, ஈரம் உறிஞ்சும் சக்கரத்தைக் கொண்ட டெசிக்கன்ட் வகை பொருந்தும். அது உறைநிலைக்குச் சற்று மேலேயும் வேலை செய்யும். மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும்.

அமெரிக்காவில் இவற்றின் திறனை ஒரு நாளைக்கு எத்தனை பைன்ட் என்று அச்சிடுகிறார்கள். ஒரு பைன்ட் ஏறத்தாழ அரை லிட்டர். 2019-இல் அரசின் சோதனை முறை மாறியது. முன்பு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சோதித்ததை இப்போது 65 டிகிரியில் சோதிக்கிறார்கள். அதனால் முன்பு 70 பைன்ட் என்று விற்ற கருவிக்கு இன்று 50 பைன்ட் என்று பெயர். பழைய கருவியையும் புதியதையும் ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு இன்றைய கணக்கில் 35 பைன்ட் கருவி, ஈரம் மிகுந்த ஊரானால் 50 பைன்ட் கருவி வாங்குங்கள்.

வாளியை நம்பாதீர்கள். வாளி நிறைந்ததும் கருவி நின்றுவிடும். நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில்தான் அது நடக்கும். வடிகுழாயைச் சரிவாக வெளியே விடுங்கள். அமெரிக்கக் கராஜ்களில் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் இருக்கும். அது ஒருமுறை விழுந்தால் கருவி ஓசையின்றி நின்றுபோகும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மீட்டரை ஒரு பார்வை பாருங்கள். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் கருவியை மாட்ட வேண்டாம். அது சூடாகித் தீப்பிடிக்கக் கூடும்.

சிலிக்கா ஜெல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார் கராஜின் கொள்ளளவு 90 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஈரப்பதத்தை 80-லிருந்து 50-க்கு இறக்க, காற்றிலிருந்து மட்டும் 600 கிராமுக்கு மேல் நீரை எடுக்க வேண்டும். அதற்கே இரண்டு கிலோவுக்கு மேல் ஜெல் வேண்டும். கதவை ஒருமுறை திறந்தால் மீண்டும் முதலிலிருந்து. ஆகவே ஜெல் அறைக்கு உதவாது. மூடிய பைக்குள் இருக்கும் போர்டுக்கும் காகிதங்களுக்கும் நன்றாக உதவும். நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால், உணவு சமைக்கும் அடுப்பில் அவற்றை வைக்காதீர்கள்.

கடையில் ஈரம் உறிஞ்சி என்று டப்பாவில் விற்கும் கால்சியம் குளோரைடைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அது உறிஞ்சிய ஈரம் உப்பு நீராக டப்பாவில் தேங்கும். டப்பா ஒருமுறை சாய்ந்தால் போர்டும் இரும்பும் அரித்துப்போகும்.

குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு நல்ல வழி, பெட்டிக்குள் இலேசான வெப்பம். 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்கு ஏற்றினால், நீர் குறையாமலே ஈரப்பதம் 60-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். துப்பாக்கிப் பெட்டகங்களில் ஈரத்தைத் தடுக்க விற்கும் சிறு வாட் வெப்பக் கம்பி இதற்கு ஏற்றது. அதை மரத்திலும் ஒயரிலும் தொடாமல் உலோகத் தாங்கியில் பொருத்துங்கள். குண்டு பல்பை எரியவிட்டுப் பெட்டியை மூடுவது தீ விபத்துக்கு வழி.

எப்படி மூடுவது

பிளாஸ்டிக் தார்ப்பாயாலும் சுற்றுத்தாளாலும் பெட்டியை இறுகச் சுற்றி வைப்பவர்கள் பலர். அவர்கள் நோக்கம் நல்லதுதான், விளைவு நேர்மாறானது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, இரவுக் குளிரில் தாளின் உட்புறத்தில் நீராகப் படிந்து மறுபடி மரத்திலேயே இறங்கும். பருத்தித் துணி, பழைய பெட்ஷீட், வீடு மாற்றும்போது பயன்படுத்தும் தடித்த போர்வை ஆகியவற்றில் ஒன்றைப் போர்த்துங்கள். தூசியும் வெயிலும் தடுபடும், காற்றும் போய்வரும். கூரை ஒழுகும் அச்சம் இருந்தால் முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள்.

பின்கதவை முழுதும் அடைக்காமல், காற்றுத் துளைகளுக்குக் கால் அங்குல இரும்பு வலை அடியுங்கள். வலை இல்லாவிட்டால் எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கும். அதன் சிறுநீர் போர்டை அரிக்கும்.

உள்ளே இருப்பவற்றில் எதை எடுத்துவிடுவது

கராஜில் எவ்வளவு கவனம் எடுத்தாலும் சில பொருள்களை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவதே சரி.

*போர்டு.* ஆட்டத்தின் உயிர் இதில் இருக்கிறது. நிலைமின்சாரத் தடுப்புப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, வீட்டுக்குள் ஓர் அலமாரியில் வையுங்கள். கராஜில் விட்டால் சிப்பின் கால்கள் கறுக்கும், சாக்கெட்டுகள் பிடிப்பை இழக்கும். 1985-இல் வந்த ஜாமா முறைப்படி 56 முனைகள் உள்ள விளிம்பு கனெக்டர் மங்கி, படமும் ஒலியும் விட்டுவிட்டு வரும்.

*பேட்டரி.* ஈரத்துக்கு உற்ற துணை இது. வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர், ரோபோட்ரான் போர்டுகளில் மூன்று பென்சில் செல்கள் இருக்கும். எஸ்.என்.கே.யின் நியோ ஜியோ எம்.வி.எஸ். போர்டில் ரீசார்ஜ் ஆகும் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். இவை கசிந்தால் வரும் காரநீர் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்புத் தடங்களில் ஊர்ந்து போகும். இவ்விரண்டிலும் பேட்டரியை அகற்றிவிடலாம். சேமித்த அமைப்புகள் மட்டும் போகும், ஆட்டம் போகாது. 1993-இல் வந்த கேப்காமின் சி.பி.எஸ்.-2 போர்டில் இதைச் செய்யக் கூடாது. ஆட்டத்தைப் பூட்டவிழ்க்கும் குறியீடு அந்தப் பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் நிற்கிறது. அகற்றினால் போர்டு இயங்காது. குறியீட்டை மீண்டும் ஏற்ற அது தெரிந்தவரைத் தேட வேண்டிவரும். சேகாவின் எஃப்.டி.1094 பொருத்திய போர்டுகளும் இதே வகை. எந்தப் போர்டு என்று உறுதியாகத் தெரியாமல் எந்தப் பேட்டரியையும் தொடாதீர்கள்.

கசிவு ஏற்கெனவே இருந்தால் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, சுத்த நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்துங்கள்.

*மார்க்கீயும் திரைக் கண்ணாடியும்.* பெயர்ப்பலகையும் திரையைச் சுற்றிய கண்ணாடியும் பெரும்பாலும் பின்புறத்தில் அச்சிட்டவை. ஈரமும் வெப்பமும் மாறி மாறி வந்தால் மை செதில் செதிலாக உதிரும். இவற்றைக் கழற்றி, அமிலமற்ற தாளில் சுற்றி, வீட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். மை உள்ள பக்கத்தைத் துடைக்கவோ டேப் ஒட்டவோ வேண்டாம்.

*காகிதங்கள்.* காசுப்பெட்டிக்குள் கிடக்கும் கையேடு, சர்க்யூட் படம், பழைய கடைக்காரர் எழுதி வைத்த சீட்டு எல்லாம் இயந்திரத்தின் வரலாறு. அவையும் வீட்டுக்குள் வரட்டும்.

மானிட்டரைப் பெட்டியிலேயே விடலாம். 19 அங்குல வண்ண பிக்சர் டியூபில் 20,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் டியூப் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை முறையாக வெளியேற்றத் தெரியாதவர் மானிட்டருக்குள் கைவைக்கக் கூடாது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் உயர் அழுத்தப் பகுதியில் மின்பொறி தாவும். அதனால் தூசி படியாமல் போர்த்தி வைப்பது மானிட்டருக்கும் நன்மை.

இரும்புப் பாகங்களுக்கு மெல்லிய பாதுகாப்பு போதும். காசுக் கதவு, கீல், கன்ட்ரோல் பேனலின் அடிப்புறம், போல்ட் தலைகள் ஆகியவற்றில் காருக்குப் போடும் கெட்டி மெழுகை இலேசாகத் தேய்த்துத் துடையுங்கள். பூட்டுக்குள் கிராஃபைட் பொடி போடுங்கள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஜாய்ஸ்டிக், பட்டன் ஆகியவற்றின் லீஃப் ஸ்விட்சுகளில் எண்ணெய் எதுவும் படக் கூடாது. அவற்றின் முனைகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தாலே சுத்தமாகிவிடும்.

பெட்டியோடு இருக்கக் கூடாதவை

கராஜில் பெட்டிக்குப் பகையான பொருள்கள் சில உண்டு. நீச்சல் குளத்துக்கு வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவற்றில் முதன்மையானது. மூடியிருந்தாலும் அதன் ஆவி கசியும். ஈரக்காற்றோடு சேர்ந்தால் கராஜிலுள்ள இரும்பெல்லாம் துருவேறும். குளோரின் மாத்திரை, உரமூட்டை ஆகியவற்றையும் வெளிக் கொட்டகைக்கு மாற்றுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாய் கராஜுக்குள் திறந்தால், ஒவ்வொரு முறையும் லிட்டர் கணக்கில் நீராவி உள்ளே வருகிறது என்று பொருள்; அதை வெளியே திருப்புங்கள். பனிக்காலத்தில் காரிலிருந்து உருகி வடியும் நீரில் சாலையில் தூவிய உப்பும் இருக்கும். காருக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்த நீர் ஓடாதபடி தடுப்புப் பட்டை ஒட்டுங்கள்.

மாதம் ஒருமுறை

போர்டைக் கழற்றாமல் பெட்டியை முழுதாக வைத்திருந்தால், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்குங்கள். உள்ளே எழும் வெப்பம் ஈரத்தை விரட்டும். கெப்பாசிட்டர்களுக்கும் நெடுநாள் சும்மா கிடப்பது நல்லதல்ல. மீட்டர் 60-க்குக் கீழே காட்டும் நாளில்தான் இயக்க வேண்டும். கண்ணாடியில் நீர் பூத்திருந்தால் பிளக்கையே தொடாதீர்கள்.

அதே நாளில் இவற்றையும் பாருங்கள்:

— மீட்டரில் அந்த மாதத்தின் அதிக அளவு. 60-ஐத் தாண்டியிருந்தால் எப்போது, ஏன் என்று
— டார்ச் அடித்து, அடி விளிம்பில் புதிய தடிப்பு அல்லது கறுப்பு
— பின்கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை
— டிஹியூமிடிஃபையரின் வடிகட்டியும் வடிகுழாயும்
— எலிப் புழுக்கை, கறையான் மண்

பூஞ்சணம் கண்டால் என்95 முகக்கவசம் அணிந்து, பெட்டியை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். அச்சிட்ட ஓவியத்தின்மேல் மட்டும் ஆல்கஹால் படக் கூடாது, மை கரைந்துவிடும். பூச்சில்லாத மரத்தில் பிளீச்சிங் திரவம் ஊற்றுவதும் தவறு. அதில் பெரும்பகுதி நீர்.

மீண்டும் வெளியே எடுக்கும்போது

குளிர்ந்த கராஜிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்த பெட்டி முதலில் வியர்க்கும். ஒரு முழு நாள் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு ஒயர், ஃபியூஸ், கனெக்டர் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். விளிம்பு கனெக்டரை ஆல்கஹாலால் துடையுங்கள். போர்டை மாட்டாமல் மின்சாரம் கொடுத்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில பழைய லீனியர் பவர் சப்ளைகளும் சில ஸ்விட்சிங் சப்ளைகளும் சுமை இல்லாமல் சரியான அளவைக் காட்டாது என்பதால், கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதன்பின் மின்சாரத்தை அணைத்துப் போர்டை மாட்டி இயக்குங்கள். சீறும் ஓசையோ கருகும் வாடையோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, தெரிந்தவரை அழையுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. வரிசை இதுதான்: திருகுக் கால்கள், ஹைக்ரோமீட்டர், போர்டை வீட்டுக்குள் கொண்டுபோவது. இவை மூன்றுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. அடுத்தது மழைநீர்க் குழாயும் கதவுப் பட்டையும். டிஹியூமிடிஃபையர் இவற்றுக்குப் பிறகுதான்.

எல்லாம் செய்தும் ஈரப்பதம் ஆண்டில் பல மாதம் 60-க்கு மேலேயே நின்றால், அந்தக் கராஜ் பெட்டிக்கு உரிய இடமல்ல. வீட்டுக்குள் ஓர் இடம் ஒதுக்குங்கள், குளிர்சாதன வசதியுள்ள வாடகைக் கிடங்கில் வையுங்கள், அல்லது அதை நன்றாக வைத்துக்கொள்ளும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். போர்டைப் பழுதுபார்க்கலாம், ஸ்டிக்கரை மறுபடி அச்சிடலாம். நாற்பது ஆண்டுக்கு முன் தொழிற்சாலையில் செய்த அசல் பெட்டி உதிர்ந்துபோனால் அதற்கு மாற்று கிடையாது.